முழுக்கு என்று எழுதவில்லை

நாமக்கல் முன்சீப் கோர்ட்டில் நான் நடத்திய வழக்குகளில் பெரும்பாலானவை வரப்புத் தகராறு, வண்டித்தடம், கிணற்றில் முறைத்தண்ணீர் சம்பந்தப்பட்டவை. ஒரே ஒரு வழக்கில் மட்டும் கிரேக்க வினைச்சொல் ஒன்றுக்கு என்ன பொருள் என்று சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்திருக்கிறேன். ‘பாப்டிசோ’ என்பது அந்தச் சொல். நாமக்கல் 1997-ல் தனி மாவட்டம் ஆவதற்குப் பத்து வருடம் முன்பு, சேலம் மாவட்டமாக இருந்த காலத்தில் நடந்த வழக்கு அது.

ராசிபுரத்துக்கும் சேந்தமங்கலத்துக்கும் இடையில் ஒரு கிராமம். ஓடு வேய்ந்த சிறிய தேவாலயம், ஒரு ஏக்கர் சொச்சம் நிலம், கிணறு, சாலையோரம் நாலு கடை. இவற்றை நிர்வகிக்க 1934-ல் பதிவான ஓர் அறக்கட்டளைப் பத்திரம் இருந்தது. ஞானஸ்நானம் பெற்றுத் திருவிருந்தில் பங்குகொள்ளும் சபையாரே நிர்வாகக் குழுவைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. ஒரு தேர்தலின்போது பட்டியலிலிருந்து 23 பேரை நீக்கிவிட்டார்கள். காரணம் கேட்டதற்கு, “நீங்கள் குழந்தையில் தலையில் தண்ணீர் தெளிக்கப்பட்டவர்கள். அது ஞானஸ்நானமே இல்லை” என்றார்கள். அந்த 23 பேருக்காக நான் வக்காலத்து போட்டேன்.

இந்தப் பகுதியின் கிறிஸ்தவ வரலாறு தெரியாதவர்களுக்குச் சண்டையின் வேர் புரியாது. சேலத்தில் லண்டன் மிஷன் சங்கம் 1827-ல் ஹென்றி கிரிஸ்ப் மூலம் கால் ஊன்றியது. அவர்கள் குழந்தைகளுக்கும் ஞானஸ்நானம் கொடுப்பார்கள், நீரைத் தெளித்துக் கொடுப்பார்கள். சேந்தமங்கலம், நாமக்கல், கொல்லிமலைப் பக்கம் வேலை செய்தவர்கள் ஸ்ட்ரிக்ட் பாப்டிஸ்ட் மிஷன்காரர்கள். கொல்லிமலையில் உழைத்து 1929-ல் காய்ச்சலில் இறந்த ஜெஸ்ஸி பிராண்டு அந்த மிஷனைச் சேர்ந்தவர். அவர்களுக்கு விசுவாசத்தை வாயால் அறிக்கையிட்ட பெரியவர்களுக்கு மட்டுமே ஞானஸ்நானம், அதுவும் நீரில் முழுதும் அமிழ்த்தி. என் வழக்கில் வந்த சபை இரண்டு மிஷனுக்கும் உட்பட்டதல்ல. இரண்டு பக்கத்திலிருந்தும் வந்து குடியேறியவர்கள் சேர்ந்து கட்டிக்கொண்ட சுயாதீனச் சபை. ஐம்பது வருடம் ஒரே அப்பத்தைப் பிட்டுச் சாப்பிட்டவர்கள் அவர்கள்.

முதல் வாதி ஓர் ஆயா. சேலத்தில் பிறந்து 1951-ல் அந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்தவர். பிராதில் கைநாட்டு வைக்க வந்த அன்று, என் குமாஸ்தா தாளை நகர்த்துவதற்குள் அவர் என்னிடம் கேட்டார்: “ஏனுங்க வக்கீலய்யா, நான் ஒருக்கா கெணத்துத் தொட்டில முழுகி எந்திரிச்சுட்டா கேசே வேண்டாமுங்களா?” வேண்டாம்தான் என்றேன். சிறிது நேரம் பேசாமல் இருந்தார். “அப்படி முழுகுனா, எங்கப்பன் என்னையத் தூக்கிட்டுப் போயி வாங்கிக் குடுத்தது பொய்யின்னு நானே சொன்ன மாதிரி ஆயிடுமுங்களே” என்று சொல்லிவிட்டுக் கட்டைவிரலை மையில் வைத்தார். அந்த விரல் ரேகை இன்னும் என் கண்ணில் நிற்கிறது. பின்னால் எத்தனை அகராதி புரட்டினாலும், வழக்கு எதைப் பற்றியது என்பதை எனக்கு முதலில் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான்.

எதிர்த்தரப்பின் எதிருரை பலமாக இருந்தது. ஞானஸ்நானம் என்பது மொழிபெயர்ப்பு. பாப்டிசோ என்ற மூலச் சொல்லுக்கு என்ன பொருளோ அதுவே பத்திரத்திலும் பொருள். மூலச் சொல்லுக்கு அமிழ்த்துதல் என்பதைத் தவிர வேறு பொருள் இல்லை என்றார்கள். கிரேக்கம் படித்த இறையியல் ஆசிரியர் ஒருவரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினார்கள்.

அவர் முதல் விசாரணையில் சொன்னதை நான் மறக்கவே இல்லை. பாப்டோ, பாப்டிசோ என்று இரண்டு வினைகள் உண்டாம். பாப்டோ என்றால் தோய்த்து எடுப்பது, சாயம் தோய்ப்பது. பாப்டிசோ அதைவிடக் கனமானது. நிக்காண்டர் என்ற பழங்காலக் கவி, காய் ஊறுகாய் போடும் முறையைச் சொல்லும்போது, கொதிநீரில் காயைத் தோய்ப்பதற்கு முதல் வினையையும் காடியில் ஊறப்போடுவதற்கு இரண்டாவதையும் பயன்படுத்துகிறார். யூத வரலாற்றாசிரியர் ஜோசபஸ், எரிகோவின் குளத்தில் இளைஞன் அரிஸ்தோபுலஸை அமுக்கிக் கொன்றதைச் சொல்லவும் இதே வினையைத்தான் எழுதினார். ப்ளூட்டார்க், ரோமாபுரி ஓத்தோவின் கடன்சுமையைச் சொல்லும்போது அவன் கடனில் ‘பாப்டிசோ’ ஆகிக் கிடந்தான் என்கிறார். கேட்டுக்கொண்டிருந்த முன்சீப், “நாமும் கடன்ல முழுகிட்டான்னுதானே சொல்றோம்” என்றார். கோர்ட் முழுவதும் தலையாட்டியது. என் கட்சிக்காரர்கள் முகம் வாடிவிட்டது.

நான் சைவக் குடும்பத்துக்காரன், கிரேக்கத்தில் ஓர் எழுத்துத் தெரியாது. அஸ்தம்பட்டியில் ஓய்வுபெற்ற ஒரு பெரியவரிடம் ஒரு மாதம் ஞாயிறு மாலைகளில் போய் உட்கார்ந்தேன். அவர் கிரேக்கப் புதிய ஏற்பாட்டைத் திறந்து அந்த வினை வருமிடங்களை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுக் காட்டினார். குமாரபாளையத்தில் சாயப்பட்டறை வைத்திருந்த கட்சிக்காரர் ஒருவரிடமும் போனேன். தொட்டியில் நூல் சிட்டத்தை முக்கி எடுத்து, சொட்டச் சொட்ட என் முன்னால் பிடித்து, “நனைஞ்சா நெறம் நிக்காதுங்க, ஊறணும்” என்றார். தோய்ப்பதற்கும் ஊறுவதற்கும் உள்ள வேறுபாடு அந்த நொடியில் எனக்குப் பிடிபட்டது. எதிர்த்தரப்புச் சாட்சி பொய் சொல்லவில்லை என்பதும் பிடிபட்டது. அந்தச் சொல்லின் முதற்பொருள் அமிழ்த்துவதுதான். அதை மறுத்து வாதாடினால் தோற்பேன். எல்லா இடத்திலும் அது ஒன்றே பொருளா என்றுதான் கேட்க வேண்டும்.

குறுக்கு விசாரணையில் முதலில் அவருக்குச் சாதகமானதையே கேட்டேன். எபிரேய வேதத்தின் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில், சிரியா நாட்டுப் படைத்தலைவன் நாகமான் யோர்தானில் ஏழு தடவை முழுகியதற்கு இதே வினை வருகிறதா? வருகிறது என்றார். அடுத்து லூக்கா 11-ம் அதிகாரம் 38-ம் வசனத்துக்கு வந்தேன். இயேசு சாப்பாட்டுக்கு முன் செய்யவில்லை என்று பரிசேயன் வியந்தானே, அங்கே இருப்பது எந்த வினை? அதே வினை. சாப்பாட்டுக்கு முன் ஆற்றில் முழுகாததற்கா வியந்தான், கைகழுவாததற்கா? அவர் கொஞ்சம் யோசித்தார். அங்கே கைகழுவும் சடங்கையே பெரும்பாலோர் எடுத்துக்கொள்கிறார்கள் என்றால் சரிதான் என்று பதிவானது. மாற்கு 7-ல் செம்பு, கிண்ணம் கழுவுவதற்கு இந்த வினையிலிருந்து பிறந்த பெயர்ச்சொல் வருகிறது என்றாலும் சரிதான். கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபம் 10-ம் அதிகாரத்தில், இஸ்ரவேலர் மேகத்திலும் கடலிலும் ஞானஸ்நானம் பெற்றதாகப் பவுல் சொல்கிறார். யாத்திராகமத்தின்படி அவர்கள் நடந்தது காய்ந்த தரையில் என்றாலும் சரிதான். “ஆனால் இரண்டு பக்கமும் நீர்ச்சுவர், மேலே மேகம். நடுவில் மூடப்பட்டவர்கள்தானே” என்று அவர் சேர்த்துச் சொன்னார். நல்ல பதில். அதையும் பதியச் சொன்னேன்.

கடைசிக் கேள்விக்கு அவர் கொடுத்த பதிலுக்காக அவரை நான் இன்றும் மதிக்கிறேன். “முதற்பொருள் அமிழ்த்துவது. ஆனால் வேதத்தில் ஒவ்வோர் இடத்திலும் அதுவே என்று சத்தியமாக என்னால் சொல்ல முடியாது.” தன்னை அழைத்தவர்களுக்கு இது பாதகம் என்று தெரிந்தே சொன்னார்.

வாதத்தின்போது முன்சீப் என்னைப் பிடித்தார். கிரேக்கம் இருக்கட்டும், தமிழில் ஸ்நானம் என்றால் முழுக் குளியல்தானே, தெளித்தால் எப்படி ஸ்நானம் ஆகும் என்றார். என் தாத்தாவைச் சொன்னேன். காய்ச்சல் கண்ட நாளில் அவர் குளிக்கமாட்டார். விபூதியை உடம்பெங்கும் பூசிக்கொண்டு அதையே ஸ்நானம் என்பார். மந்திரம் சொல்லி நீரைத் தலையில் தெளித்துக்கொள்வதற்கு மந்திர ஸ்நானம் என்றே பெயர். ஸ்நானம் என்ற சொல் எவ்வளவு தண்ணீர் என்று சொல்வதில்லை.

மொழிபெயர்ப்பாளர்களுக்குள்ளும் இந்தச் சண்டை நடந்திருக்கிறது. அமெரிக்காவிலிருந்து இந்தியாவுக்குப் புறப்பட்ட அடோனிராம் ஜட்சன், கப்பலில் இந்தச் சொல்லை ஆராயத் தொடங்கி மனம் மாறி, 1812-ல் கல்கத்தாவில் முழுக்கு ஞானஸ்நானம் பெற்றார். வங்காள வேதத்தில் இந்த வினையை அமிழ்த்துதல் என்றே பெயர்த்ததற்காக 1830-களில் வேதாகமச் சங்கங்கள் பாப்டிஸ்டுகளுக்குப் பணம் தர மறுத்தன. அவர்கள் இங்கிலாந்தில் 1840-ல் தனிச் சங்கமே தொடங்கினார்கள். தமிழில் ஞானஸ்நானம் என்ற சொல் இரு தரப்புக்கும் இடம் விட்டு நின்றது. பின்னாளில், 1995-ல் வந்த பொது மொழிபெயர்ப்பில் அது திருமுழுக்கு ஆயிற்று. கத்தோலிக்கர் அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டே குழந்தையின் தலையில் நீர் வார்க்கிறார்கள்.

ஆனால் வழக்கைத் தீர்த்தது இவை எதுவும் இல்லை. 1872-ம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 49-வது பிரிவு, ஒரு வட்டாரத்தாரோ ஒரு வகுப்பாரோ வழங்கும் சொல்லுக்கு என்ன பொருள் என்பதில் அதை அறிந்தவர்களின் கருத்து செல்லும் என்றது. அப்படியானால் கேட்க வேண்டியது பவுல் எந்தப் பொருளில் எழுதினார் என்று அல்ல, 1934-ல் அந்த ஊரில் பத்திரம் எழுதியவர் எந்தப் பொருளில் எழுதினார் என்று. அதைச் சொல்ல சபையின் பழைய மினிட்டுப் புத்தகம் வேண்டும். தொலைந்துவிட்டது என்று எதிர்த்தரப்பு சொன்னது. சபையின் முதல் செயலாளருடைய பேரன் வீட்டுப் பரணில், தகரப் பெட்டிக்குள், ஓரமெல்லாம் கரையான் அரித்த நிலையில் அது கிடைத்தது. முப்பது ஆண்டு கடந்த ஆவணம் என்பதால் 90-வது பிரிவும் துணைக்கு வந்தது.

பத்திரத்தை எழுதியவரும் அந்தச் செயலாளர்தான். கையெழுத்து ஒன்றே. நீரில் அமிழ்த்தப்பட்டவர்களை அவர் ‘முழுக்கு ஞானஸ்நானம் பெற்றார்’ என்று எழுதியிருந்தார். சேலத்திலிருந்து வந்தவர்களை ‘ஞானஸ்நானச் சீட்டு பார்க்கப்பட்டது, திருவிருந்தில் சேர்க்கப்பட்டார்’ என்று எழுதியிருந்தார். 1951-ம் வருடப் பக்கத்தில் ஆயாவின் பெயரும் அப்படியே இருந்தது. முழுக்கைக் குறிக்க வேண்டியபோது முழுக்கு என்று எழுதத் தெரிந்த மனிதர், பத்திரத்தில் அதை எழுதவில்லை. என் வாதம் அவ்வளவுதான்.

சடங்கு பற்றிய கேள்வியை உரிமையியல் நீதிமன்றம் தொடக்கூடாது என்ற ஆட்சேபணையும் வந்தது. சொத்துக்கோ பதவிக்கோ உள்ள உரிமை சடங்கு பற்றிய கேள்வியை மட்டுமே நம்பியிருந்தாலும் அது உரிமையியல் வழக்கே என்று நடைமுறைச் சட்டத்தின் 9-வது பிரிவு விளக்கம் சொல்கிறது. மலங்கரை சபை வழக்கில் உச்ச நீதிமன்றம் 1995-ல் இந்தப் பிரிவைக்கொண்டே சபை வழக்குகளை விசாரிக்கும் அதிகாரத்தை உறுதி செய்தது. எங்கள் முன்சீப் அதற்கு எட்டு வருடம் முன்பே அதே முடிவுக்கு வந்தார். எந்த ஞானஸ்நானம் கடவுளுக்கு ஏற்றது என்று இந்த நீதிமன்றம் சொல்லாது, பத்திரத்தில் உள்ள சொல் இரண்டையும் அடக்கும் என்று மட்டும் சொல்கிறது என எழுதி, 23 பேரையும் பட்டியலில் சேர்த்து மறுதேர்தல் நடத்த உத்தரவிட்டார். சார்பு நீதிமன்றத்தில் மேல்முறையீடும் தள்ளுபடி ஆயிற்று. ஆயா வாக்குச்சீட்டில் கைநாட்டு வைக்க வேண்டுமா என்று கேட்டாராம். வேண்டாம், குறி போட்டால் போதும் என்றிருக்கிறார்கள்.

உங்கள் ஊர்ச் சபையிலோ, கோயில் கமிட்டியிலோ, சங்கத்திலோ பழைய மினிட்டுப் புத்தகம் எங்கேயாவது ஒரு பெட்டியில் கிடக்கும். இந்த வாரம் அதை எடுத்துத் தூசி தட்டி, கரையான் ஏறாத இடத்தில் வையுங்கள்.