ஓலைப் பட்டையில பதனி

1/ வைன் பிரியர்கள் நல்ல கனமான ஷார்டனே வெள்ளை வைன்ல வெண்ணெய் வாசம் வருதும்பாங்க. கதை இல்ல; வெண்ணெய்க்கு மணம் குடுக்கிற டைஅசிட்டைல் அதுலயும் இருக்கு. அந்த மாதிரி நிதானமா ருசிக்க நம்ம விருதுநகர்ப் பக்கம் இருக்கிறது, கோடையில மட்டும் வர்ற பதனி.

2/ காலையிலயே, ஓலைப் பட்டையில குடிக்கணும். முதல்ல பச்சை ஓலை வாசம். அப்புறம் இனிப்பு நாக்கு முழுக்க கனமா பரவும். கடைசியா தொண்டையில லேசா ஒரு சுண்ணாம்புக் காறல். நுங்கு போட்டா இன்னும் விசேஷம். டம்ளர்ல குடிச்சா பாதி ருசி போச்சு.

3/ காறல்தான் விஷயமே. கலயத்துக்குள்ள தடவுற சுண்ணாம்புதான் ஈஸ்ட்டைத் தடுக்குது. தடவலேன்னா சில மணி நேரத்துல நுரைச்சுப் புளிச்சு கள்ளாயிரும். தமிழ்நாட்டுல 1987-லருந்து கள்ளுக்குத் தடை. ரெண்டுக்கும் நடுவுல கொஞ்சூண்டு சுண்ணாம்பு!

4/ "சார், பதனி இயற்கைதானே, சுகர் ஏறாதுல்ல?" கோடை ஓபில தினமும் இதே கேள்வி. ஏறும். 100 மில்லியில சுமார் 10-12 கிராம் சர்க்கரை, பெரும்பாலும் சுக்ரோஸ். கடைச் சீனியும் அதேதான். 300 மில்லி குடிச்சா ஆறேழு ஸ்பூன் சீனி உள்ள போகுது. கருப்பட்டியும் இதைக் காய்ச்சினதுதான், அதுக்கும் சலுகை கிடையாது.

5/ சுகர் இருக்கிறவங்க ரெண்டு மடக்கோட நிறுத்திக்கோங்க. மாத்திரையை விட்டுட்டுப் பதனி குடிக்கிற வேலை வேணவே வேணாம். பட்டாசு ஆலையில வேர்த்து விறுவிறுத்து வர்றவங்க தாகத்துக்கு முதல்ல தண்ணி குடிங்க, பதனி ருசிக்கு.

6/ பனையேறுற அண்ணாச்சிகிட்ட நேரா வாங்குங்க. மத்தியானம் ரோட்டோரம் வெயில்ல நிக்கிற கேனை நான் தொடமாட்டேன்.