பொன்னோலையும் பழைய கிதாபும்

டென்மார்க் நாட்டின் தலைநகராகிய கோபன்ஹேகனில் ஒரு வாரம் தங்கும் வாய்ப்பு இறையருளால் எமக்குக் கிட்டியது. காரியாபட்டிக் கரிசலில் பிறந்து, மழைக்காக வானத்தையும் கண்மாயையும் மாறிமாறிப் பார்த்து வளர்ந்த எமக்கு, ஆடி மாதத்தில் கம்பளிச் சட்டை அணிந்து வீதியில் நடப்பதே புதுமையாக இருந்தது. மஃரிபுத் தொழுகையின் நேரம் இரவு ஒன்பதே முக்கால் என்று அட்டவணையில் கண்டபோது, அச்சுப்பிழை என்றே முதலில் எண்ணினோம்.

தமிழ் பயின்றோர்க்கு டென்மார்க் முற்றிலும் அயல்நாடன்று. அந்நாட்டு மன்னர் நான்காம் கிறிஸ்தியான் 1618-ஆம் ஆண்டு ஓவே கெட்டே என்பாரின் தலைமையில் கப்பல்களை அனுப்பினார். 1620-இல் தஞ்சை இரகுநாத நாயக்கருடன் உடன்படிக்கை ஏற்பட்டது. தரங்கம்பாடியில் டேனிஷ் கோட்டை எழுந்தது. 1706-இல் அங்கு வந்திறங்கிய சீகன்பால்குவையும், அவர்தம் அச்சுக்கூடத்தையும், 1715-இல் அச்சாகி முடிந்த தமிழ்ப் புதிய ஏற்பாட்டையும் வகுப்பில் பாடமாகச் சொல்கிறோம். 1845-இல் தரங்கம்பாடியும் வங்காளத்துச் செராம்பூரும் சேர்த்துப் பன்னிரண்டரை இலட்சம் ரூபாய்க்கு ஆங்கிலக் கும்பினியாருக்கு விற்கப்பட்டதையும் சொல்கிறோம். அங்கிருந்து இங்கு வந்தவற்றைப் பற்றிப் பேசிய அளவுக்கு, இங்கிருந்து அங்கு சென்றவற்றைப் பற்றி யாம் பேசியதில்லை.

அவ்வாறு சென்றவற்றுள் தலையாயது ஒரு மடல். இரகுநாத நாயக்கர் டேனிஷ் மன்னருக்கு விடுத்த அக்கடிதம் பனையோலை வடிவில் அமைந்த பொன் தகட்டில் தமிழில் பொறிக்கப்பட்டது. கோபன்ஹேகனில் உள்ள அரசு ஆவணக் காப்பகத்தில் அது நானூறு ஆண்டுகளாகியும் காக்கப்பட்டு வருகிறது. அதனை நேரில் காணும் பேறு எமக்கு வாய்க்கவில்லை, நிழற்படத்தையே கண்டோம். ஆயினும், பனை முளைக்காத நாட்டில் பனையோலையின் வடிவம் பொன்னில் கிடக்கிறது என்னும் எண்ணமே அவ்வாரம் முழுவதும் எம்முடன் நடந்து வந்தது.

முதல் நாள் தேசிய அருங்காட்சியகத்திற்குச் சென்றோம். இளவரசர் மாளிகை என்று வழங்கும் பழைய அரண்மனையில் அது அமைந்துள்ளது. அங்கே மக்கள் கூடி நின்ற இடம் சூரியத் தேர். குதிரை ஒன்று பொன் தகடு போர்த்திய வட்டத்தை இழுத்துச் செல்வதாக அமைந்த சிறிய வெண்கலப் படிமம் அது. அகவை ஏறத்தாழ 3400 ஆண்டுகள். அதனைக் கண்டெடுத்தது அறிஞர் குழு அன்று. 1902-இல் ட்ருண்ட்ஹோம் என்னும் சதுப்பு நிலத்தை உழுதபோது கொழுமுனையில் அகப்பட்டது. எம் மாவட்டத்து வெம்பக்கோட்டையில் 2022-இல் தொல்லியல் துறையினர் அகழத் தொடங்கியதை நினைத்துக்கொண்டோம். கரிசலிலும் எத்தனை கொழுமுனைகள் எதனை எதனை முட்டியிருக்கும்! பிற கூடங்களைப் பற்றி இங்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. கால் வலித்ததே மிச்சம்.

மறுநாள் பல்கலைக்கழகத் தாவரவியல் பூங்கா. அதன் நடுவே 1874-இல் எழுந்த பனைமண்டபம் என்னும் கண்ணாடி மாளிகை நிற்கிறது. இரும்புச் சட்டங்களும் கண்ணாடியுமாக உயர்ந்த குவிமாடம். உள்ளே சுற்றிச் சுற்றி ஏறும் வார்ப்பிரும்புப் படிக்கட்டு. அதனைக் கட்டுவிக்க முன்னின்றவர்களுள் ஒருவர் கார்ல்ஸ்பெர்க் மதுவாலையின் உரிமையாளர் யாக்கோப்சன். அச்செல்வம் வந்த வழி எமக்கு உவப்பானதன்று. கட்டடம் நிற்பது என்னவோ உண்மை.

கதவைத் திறந்ததும் முகத்தில் அடித்த வெக்கையும் ஈரமும் எமக்குச் சிரிப்பை வரவழைத்தன. உடன் வந்தோர் மேற்சட்டையைக் கழற்றி விசிறிக்கொண்டனர். எமக்கோ ஊர் வந்து சேர்ந்தாற்போல் இருந்தது. படியேறிப் பலவகைப் பனைக் குலத்து மரங்களைத் தலைக்கு மேலிருந்து பார்த்தோம். எம்மூர்ப் பனை கண்ணில் படவில்லை. அது கண்ணாடிக்குள் அடங்குவதும் அன்று. வறண்ட வரப்பில் தனியே நிற்பதே அதற்கு அழகு.

இப்பூங்காவோடு தொடர்புடைய செய்தி ஒன்று மாணவர்கள் அறியத்தக்கது. 1768-இல் தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்தவர் யோஹான் கெர்ஹார்ட் கோனிக். ஸ்வீடன் நாட்டுத் தாவரவியல் பேரறிஞர் லின்னேயசின் மாணவர் அவர். தமிழகத்துச் செடிகொடிகளைத் திரட்டி உலர்த்தி ஐரோப்பாவுக்கு அனுப்பினார். பின்னர் ஆர்க்காட்டு நவாப் முகம்மது அலி வாலாஜாவிடம் இயற்கையியலாராகப் பணிபுரிந்தார். கறிவேப்பிலைக்கு அறிவியலார் வழங்கும் பெயர் முர்ராயா கோனிகீ. முர்ரே என்பவரும் லின்னேயசின் மாணவரே. அண்மையில் முற்பகுதியை மாற்றிப் பெர்கேரா கோனிகீ என்று எழுதுவோரும் உளர். கோனிக் மட்டும் நீங்கவில்லை. நம் கண்மாய்களை அடைத்து நிற்கும் சீமைக் கருவேலத்தை அறிவியல் முறையில் முதலில் விவரித்தவரும் ஒரு ஸ்வீடன்காரரே. ஓலோஃப் ஸ்வார்ட்ஸ், 1788-இல். நல்லதற்கும் அல்லதற்கும் அவ்வடபுலத்தார் பெயர் வைத்துப் போயினர். அன்றிரவு யாம் தங்கியிருந்த உறவினர் இல்லத்தில், சன்னலோரத் தொட்டியில் முழங்கால் உயரக் கறிவேப்பிலைக் கன்று ஒன்று இருந்தது. பனிக்காலத்தில் அதற்கு மட்டும் தனியே விளக்குப் போட்டு வளர்க்கிறார்கள். ஆணத்துக்கு நான்கே இலை கிள்ளினார்கள்; எண்ணிக் கிள்ளினார்கள்.

தாவரவியல் பூங்காவின் எதிர்ப்புறம் ரோசன்போர்க் அரண்மனையும், அதனைச் சூழ்ந்து மன்னர் தோட்டமும் உள்ளன. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இவற்றை அமைத்தவர் நான்காம் கிறிஸ்தியான். பொன்னோலை யாருக்கு எழுதப்பட்டதோ அவரே. இன்று அது மக்கள் தோட்டம். புல்வெளியில் குழந்தைகள் உருள்கின்றனர். மரநிழலில் முதியோர் அமர்ந்துள்ளனர். கதையாசிரியர் ஆண்டர்சனின் சிலை ஒன்றும் உண்டு. கட்டணம் இல்லை.

அத்தோட்டத்தை நோக்கியவாறு தெருவின் மறுபக்கத்தில் டேவிட் அருங்காட்சியகம் இருக்கிறது. இவ்வாறு ஓர் இடம் உண்டென்று யாம் முன்பு அறிந்திருக்கவில்லை. சி.எல். டேவிட் என்னும் வழக்கறிஞர் தாம் வாழ்ந்த இல்லத்திலேயே அமைத்தது அது. முதலில் பீங்கான் கலங்களில் ஈடுபாடு கொண்டவர், அவ்வழியே இசுலாமியக் கலைப்பொருள்களை நாடினார். 1960-இல் அவர் மறைந்த பின்னரும், அவர் நிறுவிய அறக்கட்டளையின் பொருளால் தொகுப்பு வளர்ந்து வருகிறது. இங்கும் நுழைவுக் கட்டணம் இல்லை. நம் பெரியோர் இதனைக் கேட்டால் வக்பு என்றே சொல்வர்.

ஸ்பெயின் முதல் இந்தியா வரை, ஆயிரம் ஆண்டுக் காலத்துப் பொருள்கள் மங்கிய ஒளியில் வைக்கப்பட்டிருந்தன. விளக்குகள், தட்டுகள், கம்பளங்கள், முகலாய ஓவியங்கள் எனப் பலவற்றைக் கடந்து, ஓர் ஏட்டின் முன் நின்றுவிட்டோம். நீலக் குர்ஆன் என்று உலகறிந்த சுவடியின் ஏடு அது. அவுரி நீலம் ஏற்றிய தோலில், பொன்னால் எழுதிய கூஃபி எழுத்துகள். ஒன்பது அல்லது பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. எங்கு எழுதப்பட்டது என்பதில் அறிஞரிடையே வேறுபாடு உண்டு. துனீசியாவின் கைரவான் நகரைச் சுட்டுவோர் பலர். சுவடி ஏடு ஏடாகப் பிரிந்து பல நாடுகளில் சிதறிக் கிடக்கிறது.

சிறுவயது முதல் ஓதி வந்த எமக்கு அதனை வாசிக்க இயலவில்லை. புள்ளிகள் இல்லை, உயிர்க்குறிகள் இல்லை. எழுத்தின் நிமிர்வு தெரிந்ததேயன்றிச் சொல் பிடிபடவில்லை. நெடுநேரம் நின்ற எம்மைக் கண்ட காவலர் ஒருவர், வாசிக்கத் தெரியுமா என்று ஆங்கிலத்தில் வினவினார். ஓதத் தெரியும், இதை வாசிக்கத் தெரியாது என்றோம். அவர் தலையசைத்துவிட்டு நகர்ந்தார். எம் விடை அவருக்கு விளங்கியிருக்குமோ என்னவோ.

வெளியே வந்து மன்னர் தோட்டத்துப் பலகையில் அமர்ந்தோம். நினைவு எம் அத்தாவிடம் சென்றது.

எம் பாட்டனார் பள்ளிவாசலில் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுத்தவர். எட்டுக் கிதாபுகளைத் தம் கைப்பட எழுதி வைத்திருந்தார். அவர் மவுத்தான பின் அவை பரணில் கிடந்து, கரையான் தொடத் தொடங்கியது. 1974-ஆம் ஆண்டு அத்தாவும் பெரியத்தாவும் அவற்றை எடுத்து, வெள்ளைத் துணியில் கட்டி, பிஸ்மி சொல்லித் தூர்ந்துபோன தோட்டக் கிணற்றில் இறக்கி மண்ணிட்டு மூடினர். சிதைந்த குர்ஆன் தாள்களைக் காலில் மிதிபடாமல் மண்ணுக்குள்ளோ நீருக்குள்ளோ சேர்ப்பது நம் மரபு. அதனையே அவர்கள் செய்தனர்.

யாம் முதுகலைத் தமிழ் பயிலச் சென்றபோதுதான் அரபுத்தமிழ் என்பது இன்னதென்று அறிந்தோம். தமிழ் ஒலிகளுக்கென அரபு எழுத்துகளில் சில புது வடிவங்களைச் சேர்த்து, தமிழையே எழுதும் முறை அது. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) போன்ற பெரியோர் நூல் யாத்த எழுத்து. விடுமுறையில் ஊருக்கு வந்து கிதாபுகளைக் கேட்டோம். கிணற்றைக் காட்டினார் அத்தா. "தமிழுன்னு யாருக்கப்பா தெரியும்? அரபு எழுத்தா இருந்துச்சு, மருவாதையா அடக்குனோம்" என்றார். யாம் சினந்து பேசினோம். படிப்பறிவில்லாதவர் செய்த பாழ் என்னும் பொருள்படச் சொன்ன சொல் ஒன்று உண்டு. அதனை இங்கு எழுத மனம் வரவில்லை. அவர் மறுமொழி சொல்லவில்லை. பின்னர் அவர் மறைந்தார்; அச்சொல் திரும்ப வாங்கப்படாமலே நின்றுவிட்டது.

அத்தோட்டத்தில் அமர்ந்திருக்கையில், அன்று சினந்த யாமும் கண்ணாடிப் பேழையின் முன் வாசிக்கத் தெரியாமல் நின்றவர்தாமே என்று தோன்றிற்று. அந்நாட்டார் வாசிக்க இயலாததை ஒளி குறைத்துக் காத்தனர். அத்தா வாசிக்க இயலாததை மண்ணிட்டுக் காத்தார். இரண்டும் ஒன்றே என்று சொல்லவரவில்லை. பொன்னோலை இருக்கிறது, கிதாபுகள் இல்லை. ஆனால் மதிப்புக் குறைவால் அவை அழியவில்லை.

ஊர் திரும்பியதும் அத்தாவின் தங்கையாகிய எம் குப்பியைக் காணத் திருச்சுழிப் பக்கம் சென்றோம். எண்பத்திரண்டு அகவை. எட்டுக் கிதாபுகளில் ஏழுதான் கிணற்றுக்குப் போயின என்று அவர்தாம் சொன்னார். எட்டாவது, திருமணமாகிப் போனபோது பாட்டனார் அவருக்குக் கொடுத்து அனுப்பியது. தகரப் பெட்டியில் சேலைகளுக்கு அடியில் இருந்தது. முத்தமிட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டோம். "இது ஓதுறதுக்குள்ளது இல்லே தம்பி. எங்கத்தா எழுதி வச்ச ஊர்க் கணக்கு" என்று சிரித்தார். "வாசிங்க குப்பி" என்றோம். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, விரல் வைத்து, எழுத்துக் கூட்டாமலே வாசித்தார்.

ஹிஜ்ரி 1366 முஹர்ரம், கார்த்திகை மாதம், கண்மாய் மறுகால் போனது என்பது முதல் வரி. எத்தனை நாள் போனது, எந்த மடையில் உடைப்பெடுத்தது என்று அடுத்தடுத்த வரிகள். பின்னொரு பக்கத்தில்: மழை இல்லை, பருத்தி இல்லை, இரண்டு வீட்டார் பிழைப்புத் தேடிக் கொழும்புக்குப் போனார்கள். அதற்கடுத்து அவ்வீட்டாரின் பெயர்களும், அவர்கள் விட்டுச் சென்ற ஆடுகளின் எண்ணிக்கையும். எம் பாட்டனார் ஓதிக் கொடுத்ததோடு, ஊரின் தண்ணீருக்கும் பசிக்கும் கணக்கெழுதி வைத்திருந்தார் என்பது எமக்கு அன்றுதான் தெரிந்தது. ஏழு கிதாபுகளில் எத்தனை ஆண்டுக் கணக்குப் போயிற்றோ!

அறுபத்து நான்கு பக்கங்கள். பூச்சி அரித்தவை போக வாசிக்கத் தக்கவை ஐம்பதளவில் தேறும். எல்லாப் பக்கங்களையும் நிழற்படம் எடுத்துத் துறையில் வைத்துள்ளோம். குப்பி வாசிக்க, யாம் தமிழ் எழுத்தில் பெயர்த்தெழுதி முடித்தவை இதுவரை பதினொன்று. அரபு ஓதத் தெரிந்த மாணவர் எவரும் இப்பணியில் சேரலாம். தமிழ் எப்படியும் தெரியும். தத்தம் வீட்டுப் பரணில் இத்தகைய ஏடு வைத்திருக்கும் பெரியோரும், அதனை அடக்குவதற்கு முன் ஒருமுறை துறைக்குக் கொண்டு வந்து காட்ட வேண்டுகிறோம். வாசித்துவிட்டுத் திருப்பித் தந்துவிடுவோம். சனிக்கிழமைதோறும் குப்பியின் வீட்டுக்குச் செல்கிறோம். அவருக்குக் கண்பார்வை முற்பகலில்தான் தெளிவாக இருக்கிறது. ஆதலின் உடன் வர விரும்புவோர் காலை எட்டு மணிக்குக் காரியாபட்டிப் பேருந்து நிலையத்துக்கு வந்துவிட வேண்டும்.