பதுங்கத் தெரியாதவன்

46-ஆவது வயதில் நான் திருடனானேன். வாசகர்கள் பயப்பட வேண்டாம். போலீஸ் வரைக்கும் போகவில்லை. 2023 ஜனவரியில், அமெரிக்காவில் மில்வாக்கி நகரில், என் தங்கை வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் எனக்குக் கிடைத்த உத்தியோகம் அது. கொடுத்தவன் அவளுடைய பதினைந்து வயதுப் பிள்ளை. மாமா பனி பார்க்க வந்திருக்கிறார் என்று அவனிடம் சொல்லி வைத்திருந்தோம். பனி பார்க்க வந்தவன் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்ததால், பரிதாபப்பட்டு என்னையும் ஆட்டத்தில் சேர்த்துக்கொண்டான்.

ஆட்டத்தின் பெயர் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ். காரி கைகாக்ஸ், டேவ் ஆர்னஸன் என்ற இரண்டு பேர் உண்டாக்கி, 1974-இல் வெளியிட்டது. அது பிறந்த லேக் ஜெனீவா என்ற சிற்றூர், தங்கை வீட்டிலிருந்து காரில் ஒரு மணி நேரப் பயணம். ஒருவர் கதையை நடத்துகிறார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, "நான் இன்னது செய்கிறேன்" என்கிறார்கள். அது பலிக்குமா என்பது சந்தேகமானால் இருபது முகமுள்ள பகடையை உருட்டி, பாத்திரத்தின் திறமைக்குரிய எண்ணை அத்துடன் கூட்டிப் பார்க்கவேண்டும். திருடன் என்ற பாத்திரம் முதல் புத்தகத்தில் கிடையாது. 1975-இல் வந்த அனுபந்தத்தில்தான் சேர்த்தார்கள்.

கதை நடத்தியவன் என் மருமான். அவனுடைய மூன்று சிநேகிதர்களோடு நானும் ஒரு கோட்டைக்குள் நுழைந்தேன்.

"நான் பதுங்கிப் போகிறேன்" என்றேன், கம்பீரமாக.

"எதுக்குப் பின்னால, மாமா?"

திகைத்துவிட்டேன். அது திறந்த முற்றம். நாலு மூலையிலும் தீவட்டி எரிகிறது. பதுங்குவதற்கு ஒரு தூணாவது, இருட்டாவது இருந்தால்தானே பகடையைக் கையில் எடுக்கலாம்? இருபது வருஷமாக என் கதைகளில், "யாரும் அறியாமல் வெளியேறினான்" என்று எழுதிக் காலட்சேபம் செய்து வருகிறேன். "எதற்குப் பின்னால்?" என்று ஒரு பத்திரிகாசிரியர்கூட என்னைக் கேட்டதில்லை.

தண்ணீர்த் தொட்டி ஒன்று இருப்பதாகச் சொன்னான். அதன் பின்னால் ஒண்டிக்கொண்டேன். காவல்காரன் பகடை உருட்டவில்லை. அவன் தேடவில்லை, சும்மா நிற்கிறான். ஆனால் சும்மா நிற்கிறவனுக்கும் கண்ணும் காதும் உண்டல்லவா? 2014-இல் வந்த விதிப்புத்தகத்தின்படி, பத்தோடு அவனுடைய கவனத்திறனைக் கூட்டிக்கொள்ளவேண்டும். சாதாரணக் காவலனுக்கு 12 வரும். என் திறமைக்கு 5. ஆகவே பகடையில் 7 விழுந்தாலே எனக்குப் போதும். இருபது முகத்தில் பதினாலு முகம் என் பக்கம்.

"ஒவ்வொரு கதவுக்கும் அவர் உருட்டணும்" என்றான் ஒரு சிநேகிதன். மருமான் ஒப்புக்கொள்ளவில்லை. கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்ட எனக்கு அவன் கணக்குப் போட்டுக் காட்டினான். நூற்றுக்கு எழுபது என்பது நல்ல வாய்ப்புத்தான். ஆனால் ஐந்து கதவுக்கும் தனித்தனியே உருட்டினால், ஐந்திலும் தப்புவது நூற்றுக்குப் பதினேழு தடவைதான். எத்தனை சமர்த்தான திருடனும் அகப்பட்டே தீருவான். நிலைமை மாறாதவரை ஒரு தரம் உருட்டினால் போதும் என்று தீர்ப்புச் சொன்னான்.

எங்கள் கூட்டத்தில் ஒருவன் சங்கிலிக் கவசம் போட்டவன். அவன் இரண்டு பகடை உருட்டிக் குறைந்ததை எடுத்துக்கொள்ளவேண்டும். நாலு பேரும் தப்பினால்தான் தப்பு என்று வைத்தால் அவனை வெளியே நிறுத்திவிட்டுப் போகவேண்டியதுதான். அதனால் கூட்டமாகப் போகும்போது பாதிப் பேருக்கு மேல் வேண்டாம், பாதிப் பேர் ஜயித்தாலே எல்லோரும் ஜயித்ததாக விதி. தெரிந்தவன் தெரியாதவனுக்குக் கை கொடுக்கிறான் என்று அர்த்தம்.

ஒரு விஷயம் மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. என் பகடையை மருமான் ஓர் அட்டைத் தட்டிக்குப் பின்னால் தானே உருட்டினான், எண்ணைக் காட்டவில்லை. "பதுங்குறவனுக்குத் தான் மறைஞ்சிருக்கோமா இல்லையான்னு எப்படித் தெரியும், மாமா?" என்றான். பாத்ஃபைண்டர் என்ற இன்னோர் ஆட்டத்தின் 2019-ஆம் வருஷத்துப் பதிப்பில் இது விதியாகவே இருக்கிறதாம்.

எனக்கு விழுந்தது 3. கழுத்துப் போயிற்று என்று நினைத்தேன். காவல்காரன் கத்தியை உருவவில்லை. "யார் அது, புதுச் சமையல்காரனா? ரொட்டி எங்கே?" என்றான். அன்று முழுவதும் கோட்டைச் சமையலறையில் மாவு பிசைந்தேன். தோற்றால் கதை முடிந்துவிடக்கூடாது, வேறு பக்கம் திரும்பவேண்டும் என்பது மருமானின் கொள்கை.

சிநேகிதர்கள் போன பிறகு பகடைகளைப் பைக்குள் போட்டுக்கொண்டே, "நீங்க வந்த அன்னிக்கே எனக்குத் தெரியும், மாமா" என்றான்.

"எதுடா?"

"அம்மாவுக்கு ஆபரேஷன்."

எனக்குப் பேச்சு வரவில்லை. மாதக் கடைசியில் தங்கைக்குப் பெரிய ஆபரேஷன். பரீட்சை முடியும்வரை பையனுக்குத் தெரியவேண்டாம் என்று நாங்கள் இரண்டு பேரும் கதவைச் சாத்திக்கொண்டு பேசியது, ராத்திரியில் டெலிபோன் பேசியது, எல்லாம் வீண்.

"டாக்டர் காகிதத்தைப் பார்த்தாயா?"

"தேடவே இல்லை. ஜனவரியில பனி பார்க்க யாராவது மில்வாக்கிக்கு வருவாங்களா? அம்மா வேற ஒவ்வொரு டப்பாவுக்கும் பேர் எழுதி ஒட்டியிருக்கா. எது எங்கே இருக்குன்னு அவளுக்குத் தெரியாதா? அது உங்களுக்காகத்தானே?"

"ஏன் எங்களிடம் சொல்லவில்லை?"

"மறைஞ்சிருக்கோம்னு நீங்க நம்பிட்டிருந்தீங்க" என்றான். கொஞ்சம் பொறுத்து, "இனிமே என்னையும் சேர்த்துக்கோங்க. நாலு பேர் போனா ரெண்டு பேர் போதும். நாம மூணு பேர்" என்றான். குரல் உடைந்துவிட்டது. பதினைந்து நாளாக அவன் தனியாகச் சுமந்திருக்கிறான். நாங்கள் அவனைக் காப்பாற்றிக்கொண்டிருப்பதாக நினைத்திருந்தோம்.

மாடிக்குப் போய்த் தங்கையிடம் சொன்னோம். துணி மடித்துக்கொண்டிருந்தவள், மடித்ததையே மறுபடி மடித்தாள். பிறகு அவனைப் பக்கத்தில் உட்கார்த்திக்கொண்டாள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மூன்று வாரம் சமையல் எங்கள் இருவருடையது. அவனுக்கு ரசம் வைக்க வந்துவிட்டது.

ஊர் திரும்பியதும், பாதியில் நின்றிருந்த தொடர்கதையை எடுத்தேன். "யாரும் அறியாமல் வெளியேறினான்" என்று எழுதினேன். எதற்குப் பின்னால் என்று யோசித்துப் பார்த்துவிட்டு, அந்த வரியை அடித்தேன்.