தைல மரத்தின் சொந்த ஊர்

"பர்மாவுக்கா போயிட்டு வந்தே?" என்று போனில் பதறினார் அம்மா. பர்மா இல்லம்மா, பார்மா. ஆஸ்திரேலியாவில், விக்டோரியா மாநிலத்தின் வடக்கெல்லையில், மர்ரே ஆற்றங்கரையில் இருக்கிற காடு. நான் குடியிருந்த எச்சூக்காவிலிருந்து காரில் அரை மணி நேரம். 2005 முதல் 2011 வரை அந்த ஊரில் கணக்கு எழுதிப் பிழைத்தேன். ஞாயிற்றுக்கிழமை போக்கிடம் அந்தக் காடுதான்.

முதல் தடவை போனபோது சிரிப்பு வந்துவிட்டது. எங்கு பார்த்தாலும் தைல மரம்! புதுக்கோட்டைக்காரனுக்கு அதைக் காட்ட ஆள் வேண்டுமா? நிலத்தடி நீரை உறிஞ்சிக் கிணற்றை வற்றடிக்கிறது என்று எங்கள் பக்கத்தில் ஊர் ஊராகத் திட்டு வாங்கும் அதே இனம், யூக்கலிப்டஸ் கமால்டுலென்சிஸ். இங்கே 'ரெட் கம்' என்கிறார்கள். ஆஸ்திரேலிய மரத்துக்கு இந்தப் பெயர் கிடைத்தது இத்தாலியில், நேப்பிள்ஸ் நகரத் தோட்டம் ஒன்றில் நின்ற மரத்தைப் பார்த்து! ஊரில் சில வருஷங்களிலேயே வெட்டிக் காகித ஆலைக்கு அனுப்பிவிடுவதால் பந்தக்கால் பருமனுக்கு மேல் நான் பார்த்ததில்லை. இங்கே நாலு பேர் கைகோத்தாலும் அடங்காத அடிமரம். சில நூறு வயது இருக்கும். பொந்துகளில் பச்சைக்கிளி. ஊரில் வில்லன், இங்கே வீட்டுப் பெரியவர்.

அந்தப் பெரியவர்தான் தாகத்தில் செத்துக்கொண்டிருந்தார்.

பார்மாவும் எதிர்க்கரை மில்லேவாவும் சேர்ந்து ஏறக்குறைய 66,000 ஹெக்டேர். உலகத்தில் இந்த மரத்துக்கு இதைவிடப் பெரிய காடு இல்லை. இந்த இடத்தில் ஆற்றின் கழுத்து குறுகல். 'பார்மா சோக்' என்பார்கள். மலையில் பனி உருகி வரும் வசந்தகால வெள்ளம் அந்தக் கழுத்தில் நுழைய முடியாமல் இரு பக்கமும் வழியும். வழிந்து வழிந்து உண்டானதுதான் காடு. 1936இல் மேலே ஹ்யூம் அணையைக் கட்டி முடித்தார்கள். மேட்டூரைவிட இரண்டு வயது இளையது, கொள்ளளவில் கொஞ்சம் பெரியது. குளிர்காலத் தண்ணீரைப் பிடித்துவைத்துக் கோடையில் பாசனத்துக்கு விடுகிறார்கள். ஆற்றுக்குப் பருவமே தலைகீழாகிவிட்டது. காடு காய வேண்டிய ஜனவரிக் கோடையில் ஆறு கரைதொட்டு ஓடும். தண்ணீர் உள்ளே புகாமல் ஓடைவாய் மதகுகளை அடைத்துவைப்பார்கள். காடு நனைய வேண்டிய அக்டோபர் வசந்தத்தில் ஆறு அடங்கிக் கிடக்கும்.

நான் போய்ச் சேர்ந்த 2005 வசந்தத்தில், காட்டுக்கென்றே ஒதுக்கிச் சேர்த்துவைத்திருந்த தண்ணீரைத் திறந்தார்கள். 513 கிகாலிட்டர், நம் கணக்கில் சுமார் 18 டிஎம்சி. வெள்ளம் என்றதும் இரைச்சலோடு பாய்ந்து வரும் என்று நினைத்துக்கொண்டு போனேன். அப்படி எதுவும் இல்லை. காய்ந்த சருகு நொறுங்குகிற மாதிரி சன்னமாக ஒரு சத்தம், அவ்வளவுதான். குனிந்து பார்த்தால் விரல்கனத்துக்குத் தண்ணீர், முன்விளிம்பில் நுரையும் பட்டைத் துணுக்கும் தள்ளிக்கொண்டு ஊர்ந்துவருகிறது. தரை வெடிப்பைக் கண்டால் நின்று உள்ளே இறங்கும். கொப்புளம் விடும். நிரம்பியதும் மறுபடி நகரும். சிலந்திகள் சாரிசாரியாக அடிமரத்தில் ஏறின. விளிம்பையொட்டி அரிவாள் மூக்கன்கள், பந்தியில் இலை போட்டுக் காத்திருக்கும் ஆட்கள் மாதிரி, ஓரடி ஓரடியாகப் பின்வாங்கிக்கொண்டே பொறுக்கித் தின்றன. நானும் அவற்றோடு பின்வாங்கினேன். இரண்டு மணி நேரத்தில் நூறடிகூட நகர்ந்திருக்க மாட்டோம். அடுத்த வாரம் காட்டுச்சாலையை மூடிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு மழை பொய்த்தது. பக்கத்து வீட்டுக்காரர் மாட்டுப் பண்ணை வைத்திருந்தார். 2007இல் அவருடைய தண்ணீர்ப் பங்கில் பாதிகூட வரவில்லை; மாடுகளைப் பாதிக்கு மேல் விற்றார். "தவளைக்கு அணை திறக்கிறான், என் மாட்டுக்கு இல்லையாம்" என்பார். ஊரில் கடைமடைப் பாட்டைக் கண்டு வளர்ந்தவனால் அவரை எப்படிக் குறை சொல்ல முடியும்? ஆனால் அதே மனுஷர் சாயங்காலம் தூண்டிலோடு உட்கார்ந்து, தாத்தா காலத்து மர்ரே காட் எங்கே போயிற்று என்று புலம்புவார். ஆள் உயரம் வளரக்கூடிய மீன் அது. தண்ணீருக்குள் விழுந்துகிடக்கும் மரப்பொந்தில் பெண் மீன் முட்டையிட, ஆண் மீன் காவல் இருக்கும். படகுப் போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று அந்த மரங்களைப் பல ஆண்டுகள் இழுத்துக் கரையில் போட்டார்கள். இப்போது காசு செலவழித்துத் திரும்ப ஆற்றில் போடுகிறார்கள்.

இந்த ஆற்றுக்கு இங்கத்திய பூர்வகுடிகளான யோர்ட்டா யோர்ட்டா மக்கள் வைத்த பெயர் துங்காலா. காட்டின் மீது அவர்கள் கேட்ட பூர்வகுடி உரிமையை நாட்டின் உச்ச நிலை நீதிமன்றம் 2002இல் மறுத்துவிட்டது. மீனுக்குத் தண்ணீர்ப் பங்கு உண்டு என்று ஒப்புக்கொண்ட தேசம் இவர்கள் விஷயத்தில் கையை விரித்தது எனக்கு இன்றுவரை செரிக்கவில்லை.

2010 கடைசியில் நிஜ வெள்ளமே வந்தது. ஊரே கொண்டாடியது. சில வாரத்தில் ஆறு கட்டன் சாயா நிறத்துக்கு மாறியது. வருஷக்கணக்கில் உதிர்ந்து குவிந்த சருகெல்லாம் ஒரே நேரத்தில் ஊறி அழுகி, தண்ணீரிலிருந்த பிராணவாயுவைத் தீர்த்துவிட்டது. முள் முதுகும் வெள்ளைக் கொடுக்குமாக, முழங்கை நீள நன்னீர் இறால்கள் மூச்சுக்குத் தவித்துக் கரையேறி வேர்களைப் பிடித்துக்கொண்டு கிடந்தன. ஒன்றைத் தொட்டேன். கொடுக்கைக்கூடத் தூக்கவில்லை. சிலர் வெள்ளத்தைப் பழித்தார்கள். பழி வெள்ளத்தின் மேல் இல்லை; அது வராமலிருந்த வருஷங்களின் மேல்தான். இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறையாவது காடு நனைந்திருந்தால் அவ்வளவு சருகு சேர்ந்திருக்காது.

நான் எச்சூக்காவைவிட்டுக் கிளம்பிய மறுவருஷம், 2012இல், மர்ரே-டார்லிங் படுகைத் திட்டம் வந்தது. ஆண்டுக்கு 2,750 கிகாலிட்டரைப் பாசனத்திலிருந்து மீட்டு ஆற்றுக்கே விடுவது இலக்கு. ஒரு முழு மேட்டூர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சண்டை இன்னும் ஓயவில்லை.

அந்தப் பக்கம் போக வாய்த்தால் அக்டோபரில் போங்கள். கொசுவத்தியை மறக்க வேண்டாம். காட்டுச்சாலையை மூடியிருந்தால் முகம் சுளிக்காமல் திரும்பிவிடுங்கள். உள்ளே தண்ணீர் நிற்கிறது.