அடி வாங்கிப் பழகு!
(இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல்)

வீடியோ கேம் என்றாலே "வெட்டி வேலை" என்று முடித்துவிடுகிறோம். அதிலும் சண்டை கேம் என்றால் கேட்கவே வேண்டாம். "காசு குடுத்து அடிச்சுக்கவா போற?" என்று எங்கம்மா கேட்கும். நியாயமான கேள்விதான். கேமிங் சென்டரில் ஒரு மணி நேரத்துக்கு 60 ரூபாய். நிமிடத்துக்கு ஒரு ரூபாய்! கல்யாண மண்டபத்தில் பந்தி பரிமாறிச் சம்பாதித்த காசு. அதனால்தானோ என்னவோ, விளையாடுவது வேறு, பழகுவது வேறு என்பது எனக்குச் சீக்கிரமே புரிந்தது.

நான் ஆடுவது டெக்கென் 7. இரண்டு பேர் எதிரெதிரே நின்று மோதும் ஆட்டம். ஒரு விநாடியை 60 ஃப்ரேம்களாகப் பிரித்துக் கணக்குப் போடுகிறது. பெரும்பாலான வீரர்களின் மிக வேகமான குத்து 10 ஃப்ரேமில் போய்ச் சேரும். எதிராளியின் அடியை நாம் தடுத்துவிட்டோம், அவன் மறுபடி நிலைக்கு வர நம்மைவிட 10 ஃப்ரேம் கூடுதலாக ஆகிறது என்று வையுங்கள். கைக்கெட்டும் தூரத்தில் நின்றால், உடனே விடும் நம் குத்தை அவனால் தடுக்க முடியாது. 10 ஃப்ரேம் என்பது விநாடியில் ஆறில் ஒரு பங்கு! யோசிக்க நேரம் ஏது? கை தானாகப் போகணும்.

கஸூயா மிஷிமா என்ற வீரனுக்கு 'எலெக்ட்ரிக்' என்று ஒரு குத்து உண்டு. முன் பக்கம் அழுத்தி விட்டு, கீழ், பிறகு கீழ்-முன். அந்தக் கடைசித் திசையும் வலக்கைக் குத்தும் ஒரே ஃப்ரேமில் விழ வேண்டும். விழுந்தால் மின்னலோடு வரும். எதிராளி தடுத்தாலும் நம் கைதான் ஓங்கியிருக்கும். கொஞ்சம் பிசகினால் குத்து மட்டும் வரும். அதைத் தடுத்தவன் நம்மைத் திருப்பி அடிப்பான். நம்ம ஒர்க்‌ஷாப்பில் டாலரன்ஸ் என்கிறோமே, அதேதான்!

என் ஒரு மணி நேரம் இப்படிப் போகும்.

முதல் 15 நிமிடம் பிராக்டிஸ் மோட். ஒரே ஒரு அடி மட்டும். இடப்பக்கம் நின்று தொடர்ந்து 10 முறை சரியாக வரணும். நடுவில் ஒன்று தவறினால் மறுபடி ஒன்றிலிருந்து! பிறகு வலப்பக்கம். பக்கம் மாறினால் திசையும் மாறும். கட்டைவிரல் எல்லாவற்றையும் புதுசாகக் கற்க வேண்டும்.

அடுத்த 15 நிமிடம், போன வாரம் எந்த அடியில் தோற்றேனோ அதைப் பொம்மை வீரனுக்குப் பதிந்து கொடுப்பேன். கூடவே வேறு இரண்டு அடிகளையும் பதிந்து, மாற்றி மாற்றி வீச வைப்பேன். ஒண்ணுதான் வரும்னு தெரிஞ்சா யார் வேணும்னாலும் தடுப்பான். எது வரும்னு தெரியாதப்ப தடுக்கிறதுதான் ஆட்டம்.

மீதி 30 நிமிடம் நண்பனோடு நேருக்கு நேர். இதில் வெற்றி தோல்வியை எண்ண மாட்டேன். பழகிய அடிக்கு எத்தனை முறை வாய்ப்பு வந்தது, எத்தனை முறை அடித்தேன் என்று ஒரு சின்ன நோட்டில் குறிப்பேன். முதல் வாரம் 12-க்கு 2. ஆறாவது வாரம் 12-க்கு 7. அந்த ஆறு வாரமும் பெரும்பாலும் நான்தான் தோற்றேன்! அந்த நோட்டு மட்டும் இல்லேன்னா, "நமக்கு இது வராதுடா"ன்னு விட்டுட்டுப் போயிருப்பேன்.

பாகிஸ்தானின் லாகூரைச் சேர்ந்த அர்ஸ்லான் ஆஷ் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? ஜப்பானும் கொரியாவும் கோலோச்சிய ஆட்டம் இது. அவர் விசா சிக்கல்களைத் தாண்டிப் போய், 2019-இல் ஈவோ ஜப்பான் போட்டியையும், அதே ஆண்டு அமெரிக்காவின் லாஸ் வேகாஸில் நடந்த ஈவோவையும் வென்றார். வென்ற கையோடு, தன் நாட்டில் இன்னும் பல பலசாலிகள் இருக்கிறார்கள் என்றார். வெளியுலகம் அறியாத அந்தக் கூட்டத்தோடு மோதி மோதித்தான் அவர் வளர்ந்தார். ஆகவே, நம்மை அடிப்பவன் மேல் கோபம் எதற்கு? "மச்சான், எதுல அடிச்ச? இன்னொரு தடவ போடு, பாக்கலாம்" என்று கேட்பதே நல்ல பயிற்சி.

எங்கள் குடும்பத்தில் பாலிடெக்னிக் வாசலை மிதித்த முதல் ஆள் நான். "நல்லா படிப்பா" என்று சொல்ல வீட்டில் எல்லோரும் உண்டு. எப்படிப் படிக்கணும்னு சொல்ல ஆள் இல்லை. அதைச் சொல்லித் தந்தது இந்த ஆட்டம்தான் என்றால் சிரிக்காதீர்கள். கணக்கில் இன்டெக்ரேஷன் வரவில்லையா? எந்த வரியில் கை நிற்கிறது என்று நோட்டில் குறி. அந்த ஒரு வகையில் மட்டும் பத்துக் கணக்குத் தொடர்ந்து சரியாகப் போடு. அப்புறம் எல்லா வகையையும் கலந்து, எது வரும் என்று தெரியாமல் போடு. பரீட்சை ஹாலில் நடப்பது அதுதானே!

எனக்குக் கோப்பை எதுவும் கிடைக்கவில்லை. கிடைக்கும் என்று ஆடவும் இல்லை. ஆனால் 'வராது' என்பது ஒரு பெரிய சுவர் இல்லை, பல சின்னச் சின்னச் செங்கல் என்று தெரிந்துகொண்டேன். நண்பர்களே, உங்களுக்கு அது கேரமாக இருக்கலாம், கீபோர்டாக இருக்கலாம், லேத்தாகவும் இருக்கலாம். எதில் அடி வாங்குகிறீர்கள் என்று முதலில் எழுதி வையுங்கள். அந்த ஒன்றை மட்டும் எடுத்துப் பழகுங்கள். பத்து முறை... இரண்டு பக்கமும்!