அன்ரி வீட்டுப் போர்ட்ரூம்

பிபிசியின் ‘தி அப்ரண்டிஸ்’ நிகழ்ச்சியில் யார் ஜெயிப்பார் என்று முன்கூட்டிச் சொல்ல முடியும், அதையும் ஒருவரிடம் உட்கார்ந்து கற்றுக்கொள்ளலாம் என்பது லண்டனுக்கு வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. சொல்லிக் கொடுத்தவர் ஹாரோவில் நான் குடியிருந்த மாடி அறையின் வீட்டுக்காரம்மா. யாழ்ப்பாணத்துக்காரர். கணவரோடு வெம்பிளியில் நெடுங்காலம் பலசரக்குக் கடை நடத்தியவர். இங்குள்ள ஈழத் தமிழர் வழக்கப்படி நானும் அவரை ‘அன்ரி’ என்றேன். அவருக்கு நான் ‘தம்பி’.

நிகழ்ச்சி தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: பதினாறு பதினெட்டுப் பேர் இரண்டு அணியாகப் பிரிந்து வாரம் ஒரு வியாபார டாஸ்க் செய்வார்கள். தோற்ற அணியின் புராஜெக்ட் மேனேஜர் இருவரைக் கூட்டிக்கொண்டு போர்ட்ரூமுக்குத் திரும்புவார். ஆலன் சுகர் விரலை நீட்டி, பெரும்பாலும் ஒருவரை வீட்டுக்கு அனுப்புவார். சுகர் கிழக்கு லண்டன் ஹாக்னியில் பிறந்து, வேனில் கார் ஏரியல் விற்று, 1968-ல் ஆம்ஸ்ட்ராட் கம்பெனியைத் தொடங்கியவர். 2005-லிருந்து அந்த நாற்காலியில் அவர்தான்.

கொரோனாவால் 2020-லும் 2021-லும் புதிய சீசன் வரவில்லை. என் படிப்பு நடந்தது அப்போதுதான். அன்ரி பழைய சீசன்களைப் போடுவார். யார் ஜெயித்தார்கள் என்று அவருக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. கூகிளில் தேடிவிடக் கூடாதே என்று போனைச் சமையலறையில் வைத்துவிட்டுத்தான் உட்கார வேண்டும். முடிந்ததும் ஒரு பெயர் சொல்ல வேண்டும், கூடவே காரணமும். காரணம் இல்லாத பெயரை அவர் காதில் வாங்கவே மாட்டார்.

முதல் பாடம் சத்தத்தை அடைத்துவிட்டுப் பார்ப்பது.

“கத்துறவனைப் பாக்காதையும் தம்பி. அவன் கத்தேக்க கமரா ஆரின்ர முகத்துக்குப் போகுதெண்டு பாரும்.”

இதற்குள் ஒரு நுட்பம் இருக்கிறது. ஒன்றிரண்டு நாள் நடக்கும் டாஸ்க் நம் கைக்கு ஒரு மணி நேரமாக வந்து சேர்கிறது. மொத்த சீசனும் ஒளிபரப்புக்குப் பல மாதம் முன்பே எடுத்து முடிக்கப்படுகிறது. ஆகவே எடிட்டர் முதல் வாரத்தை வெட்டும்போதே, யார் எந்த வாரம் வெளியேறினார் என்பது அவருக்குத் தெரியும். கடைசிவரை வரப்போகிறவர் ஒரு ஓரமாக நின்று சக போட்டியாளரின் உளறலைக் கேட்டுப் புருவம் தூக்கும் இரண்டு நொடியை அவர் குப்பையில் போட மாட்டார். மார்தட்டிக்கொள்பவர்களுக்கும் இடம் உண்டுதான். 2010-ல் தன்னையே ஒரு பிராண்டு என்று சொல்லிக்கொண்ட ஸ்டூவர்ட் பேக்ஸ் நேர்காணல் சுற்றுவரை வந்தார். அது வேடிக்கைக்கான இடம், ஜெயிக்கிற இடமில்லை. சில வாரம் இப்படிப் பார்த்தபின் அந்த வாரம் வெளியேறுபவரைப் பாதி நிகழ்ச்சியிலேயே சொல்ல வந்துவிட்டது. எந்தத் தவறான முடிவின் மேல் கேமரா கொஞ்சம் கூடுதலாக நிற்கிறதோ, அதை எடுத்தவர்தான் பெரும்பாலும் டாக்சி ஏறுவார்.

ஆனால் இந்த வித்தை கடைசி இருவர்வரைதான் செல்லும். இறுதிச் சுற்றுக்கு இரண்டு முடிவுகளையும் படம்பிடித்து வைத்துக்கொள்வார்கள். எது ஒளிபரப்பாகும் என்று எடிட்டருக்கே தெரியாதபோது, காட்சிகளைத் துருவிப் பயனில்லை. அந்தக் கடைசி அடிக்கு வேறு கணக்கு வேண்டும். அன்ரியின் கடை அனுபவம் வேலை செய்தது அங்கேதான்.

2011 சீசனை அவர் வேண்டுமென்றே தாமதித்துப் போட்டார். அதுவரை வெற்றியாளருக்குக் கிடைத்தது சுகரிடம் ஆண்டுக்கு 1,00,000 பவுண்டு சம்பளத்தில் ஒரு வேலை. அந்த ஆண்டு முதல், வெற்றியாளரின் தொழிலில் சுகர் 2,50,000 பவுண்டு போட்டுப் பாதிப் பங்கு எடுத்துக்கொள்வார் என்று மாறியது. நான் ஒரு நோட்டில் வெற்றி தோல்விகளைக் குறித்துவந்தேன். நோட்டின்படி ஹெலன் மில்லிகனுக்குப் பக்கத்தில் யாருமில்லை. 11 டாஸ்க்கில் 10-ல் ஜெயித்த அணி அவருடையது. டாம் பெல்லரோவோ பெரும்பாலும் தோற்ற பக்கத்திலேயே இருந்த கண்டுபிடிப்பாளர், சாதுவான மனிதர்.

அன்ரி நோட்டை வாங்கிப் பார்த்தார். “வெண்டதுகளை எழுதி வையும், அதில பிழையில்லை. இப்ப சொல்லும், உம்மட காசெண்டால் ஆரிட்டக் குடுப்பீர்?”

ஹெலன் கிரெக்ஸ் என்ற பெரிய பேக்கரி நிறுவனத்தின் தலைவருக்கு உதவியாளராக இருந்தவர். கொண்டுவந்த திட்டமோ பிறர் வேலைகளைச் செய்து கொடுக்கும் ஒரு சேவை. அதற்கு வரவேற்பில்லை என்று தெரிந்ததும் பேக்கரிக்குத் தாவினார். டாமின் திட்டம் முதுகுவலி வராத அலுவலக நாற்காலி. அதுவும் சுகருக்குப் பிடிக்கவில்லை. ஆனால் டாமின் கையில் நகம் தேய்க்கும் வளைந்த அரம் ஒன்று ஏற்கெனவே இருந்தது. செய்வதற்குச் செலவு குறைவு, கடையில் தொங்கவிடலாம், அடுத்தடுத்து மாதிரிகள் போடலாம். ஏரியல் விற்ற மனிதருக்கு இதைவிடப் பழகிய சரக்கு எது? டாம் ஜெயித்தார். சுகரின் பணம் நாற்காலிக்குப் போகாமல் அரத்துக்குப் போயிற்று.

அதற்குப் பிறகு வந்த வெற்றியாளர்களை வரிசையில் வைத்தால் அன்ரி சொன்னது கண்ணில் படும். மருத்துவர் லியா டாட்டனின் அழகு சிகிச்சை கிளினிக், ஜோசஃப் வலென்டேயின் பிளம்பிங், அலானா ஸ்பென்சரின் கேக், கரீனா லெபோரின் பேக்கரி. ஊருக்கு ஊர் கிளை போடக்கூடிய, கண்ணால் பார்க்கக்கூடிய தொழில்கள். ஆப் என்று வந்தவர்களுக்கு அங்கே அவ்வளவு மரியாதை கிடைப்பதில்லை. 2012-ல் நிக் ஹோல்ஷெர் சமையல் குறிப்பிலிருந்து சாமான் பட்டியல் எடுக்கும் விஸ்க் என்ற யோசனையோடு கடைசி வாரம்வரை வந்து வெளியேறினார்; ஜெயித்தவர் ஆட்சேர்ப்புத் தொழில் கொண்டுவந்த ரிக்கி மார்ட்டின். 2019-ல் அந்த விஸ்க்கை சாம்சங் வாங்கியது. அன்ரி இதற்கெல்லாம் அசரவில்லை. நல்ல பிசினஸ் எது என்பது வேறு கேள்வி, சுகர் எதை எடுப்பார் என்பதுதான் நம் கேள்வி என்றார்.

நேர்காணல் வாரத்தில் அவர் டீ போடக்கூட எழுந்திருக்க மாட்டார். பிசினஸ் பிளானைக் கிழித்துக் காட்டும் வாரம் அது. 2014-ல் சாலமன் அக்தர் எட்டே பக்கத் திட்டத்தில் பாய்மரப் படகுப் படங்களும் வைத்துக் கொடுக்க, நேர்காணல் நடத்திய கிளாட் லிட்னர் அவரை அறையைவிட்டு வெளியே போகச் சொன்னார். இதில் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. வேலைதான் பரிசு என்றிருந்த காலத்து ஆட்டம் இதைவிட நன்றாக இருந்தது. 2008-ல் லீ மெக்வீன், சில மாதமே இருந்த பல்கலைக்கழகத்தில் இரண்டு ஆண்டு படித்ததாக எழுதி நேர்காணலில் மாட்டியும் ஜெயித்தார். ஆளைப் பார்த்து எடுத்த முடிவு அது, யாராலும் கணிக்க முடியாது. இப்போது ஐந்து பேரின் திட்டத்தையும் கேட்டாலே பாதி விடை வந்துவிடுகிறது. கணிக்கிறவனுக்கு வசதி, பார்க்கிறவனுக்கு நஷ்டம்.

2022-ல் நிகழ்ச்சி திரும்பியபோது ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஏறியது. அவரவர் கணிப்பை அதில் எழுத வேண்டும். இறுதியில் ஆன்லைனில் குடும்பத்துக்கே ஒரே மாதிரி பைஜாமா விற்கும் திட்டத்தோடு கேத்ரின் பர்ன், சகோதரியோடு சேர்ந்து இனிப்புக் கடை நடத்திக்கொண்டிருந்த ஹர்ப்ரீத் கவுர். நானும் அன்ரியும் ஹர்ப்ரீத் என்றே எழுதினோம். பேச எதுவும் இருக்கவில்லை.

2025 அப்படியில்லை. இந்திய மசாலா போட்ட பிட்சாவோடு அனீசா கான், ஏசி பொருத்தும் கம்பெனியோடு டீன் ஃபிராங்க்ளின். வெயிலே வராத நாட்டில் ஏசியா என்று கேட்டேன். ஆபீஸ், கடை, சர்வர் அறை என்று அன்ரி விரல்விட்டு எண்ணினார். ஒருமுறை பொருத்தினால் ஆண்டுதோறும் சர்வீஸ் காசு வரும், பிட்சாவுக்கு ஒவ்வொரு இரவும் ஆளைத் தேட வேண்டும் என்றார். பிறகு பேனாவை எடுத்து, “எனக்கு அந்தப் பிள்ளை வெல்லவேணும். வெல்லப்போறது இவன்தான்” என்று தாளின் நடுவில் ஒரு கோடு கிழித்தார். இடப்பக்கம் ஆசை, வலப்பக்கம் கணிப்பு. இடத்தில் அனீசா, வலத்தில் டீன். நானும் வலத்தில் டீன் என்றே எழுதினேன்.

அன்ரியின் கணவர், அதாவது அங்கிள், இடப்பக்கத்தில் மட்டும் எழுதினார். டீன் ஜெயித்த மறுநாள் காலையில் வலப்பக்கத்திலும் அவர் கையெழுத்து இருந்தது. வேறு மையில்.