எடுக்காதே என்பதற்கு முன்

பெண்களுக்கென்று வரும் எச்சரிக்கைகள் பெரும்பாலும் ஒரு தடையில்தான் முடிகின்றன. தனியாகப் போகாதே, இருட்டியபின் வராதே. இப்போது, தெரியாத நம்பரை எடுக்காதே. எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு வந்ததும் அப்படித்தான்: "சகோதரிகள் கவனத்துக்கு! புது எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் எடுக்காதீர்கள். எடுத்ததும் வங்கிப் பணம் போய்விடும். *401* மோசடி. காவல்துறை அறிவிப்பு."

அன்று மாலையே அண்ணன், "இனிமே தெரியாத நம்பர எடுக்காதம்மா. பேங்க் கணக்க நான் பாத்துக்கிறேன்" என்றான். அம்மா வீட்டிலேயே தையல் வேலை செய்கிறவள். ஜாக்கெட் தைக்கக் கேட்டு வரும் புது அழைப்புகள்தான் அவளுடைய வருமானம். அவள் பெயரில் இருப்பது அந்த ஒரு கணக்குதான். குழுவிலிருந்த ஆண்களின் போனை யாரும் வாங்கி வைக்கவில்லை.

செய்தியைச் சரிபார்க்க உட்கார்ந்தேன். தேதி இல்லை. எந்த ஊர்க் காவல்துறை என்றும் இல்லை. ஆனால் அதிலிருந்த எண் பொய்யில்லை. சில இணைப்புகளில் *401* போட்டு, தொடர்ந்து ஒரு பத்து இலக்க எண்ணை அழுத்தி அழைத்தால், நமக்கு வரும் அழைப்புகள் அந்த எண்ணுக்குத் திரும்பிவிடும். செல்பேசி நிறுவன ஊழியர் போலப் பேசி நம்மையே அதை அழுத்த வைப்பதுதான் மோசடி. அதன்பின், குரல் அழைப்பாக வரும் ஓடிபி அவர்கள் காதுக்குப் போகும். இப்படிக் குறியீடு அழுத்தி அழைப்பைத் திருப்பும் வசதியை 2024 ஏப்ரல் 15 முதல் நிறுத்திவைக்கும்படி ஒன்றிய அரசின் தொலைத்தொடர்புத் துறை நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது இதனால்தான்.

ஆக, மோசடி உண்மை. எடுத்தாலே பணம் போகும் என்பது பொய். ஆபத்து, பேசுவதில் இல்லை. முன்பின் தெரியாதவர் சொன்னதை அழுத்துவதில், ஓடிபியைச் சொல்வதில் இருக்கிறது. 'எடுக்காதே' என்பதை அப்படியே நம்பியிருந்தால் அம்மாவின் தொழில் படுத்திருக்கும். மோசடி எப்படி நடக்கிறது என்று தெரிந்தவளுக்குத் தொழிலும் நிற்காது, கணக்கும் கைமாறாது.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திருப்பிவிட்ட அழைப்புகளை ரத்துசெய்ய ##002#, பணம் போனால் உடனே 1930. அளவு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டாள். கணக்கு விஷயமாக அண்ணன் மறுபடி வந்தபோது, அந்தப் பக்கத்தைப் பிரித்து அவனிடம் நீட்டினாள்.

"நீயும் எழுதி வச்சுக்கோ."